20,000 என்ற எண்ணை மட்டும் நம்பி ஜாக்கெட் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலையேறுவோரின் உடைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதன்முதலாக மலைக்குப் புறப்படுகிறவர்களை மனத்தில் வைத்து அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் மழையையும் காற்றையும் தடுக்க எல்லாவற்றுக்கும் மேலே போடும் ஷெல் ஜாக்கெட்டைப் பற்றிய பத்தியில், அதன் சீட்டில் போட்டிருக்கும் நீரைத் தாங்கும் எண் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, 20,000க்குக் குறைந்ததை வாங்கவே வேண்டாம் என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இதே அறிவுரையை எங்கோ கேட்டு நம்பித்தான் என் தம்பி ஒரு ஜாக்கெட் வாங்கினான். ஒரு துளி மழைகூடப் பெய்யாத நாளில் அந்த ஜாக்கெட்டுக்குள்ளேயே நனைந்து, விறைத்து, என் கண்முன்னே நாக்குக் குழறி நின்றான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. பாறையும் பனியும் மாறி மாறி வரும் ஒரு முகடு. 4,100 மீட்டரில் கூடாரம், 4,700 மீட்டரில் உச்சி. விடியற்காலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். கூடாரத்து வாசலில் வெப்பமானி மைனஸ் 9 காட்டியது. தம்பியின் புது ஜாக்கெட் 680 கிராம். சுருட்டினால் தலையணை அளவுக்கு வரும். கயிறும் மற்ற சாமான்களும் போக அவன் முதுகுப்பையில் அதற்கு இடமே இல்லை. அதனால் கூடாரத்தைவிட்டுக் கிளம்பும்போதே போட்டுக்கொண்டான். முதல் இரண்டு மணி நேரமும் செங்குத்தான பனிச் சரிவு. மூச்சிரைக்க ஏறினோம். கழற்றச் சொல்லி இரண்டு முறை சொன்னேன். "கழட்டினா எங்கக்கா வைக்கிறது?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஏழரை மணிக்கு ஒரு சிறு திட்டில் நின்றோம். மேலே இன்னொரு குழு கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் விலகும்வரை காத்திருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் காற்று எழும்பிவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்கிற அளவுக்குக் காற்று. தம்பி முதலில் வெடவெடவென்று நடுங்கினான். பிறகு நடுக்கம் குறைந்தது. குளிர் பழகிவிட்டது என்றே நினைத்தேன். கயிற்றை மாட்டும் உலோக வளையமான என் பூட்டுக் கேரபைனரைத் திறக்கச் சொன்னபோது, அதன் திருகை விரலால் தடவிக்கொண்டே இருந்தான், திருக முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் கயிற்றைப் பற்றி ஏதோ சொன்னான். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அப்போதுதான் அவன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கிக் கை விட்டுப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க நீர்முத்துக்கள். ஃபிளீஸ் என்னும் வெதுவெதுப்பான உள்சட்டை, துவைத்துப் பிழியாமல் கொடியில் போட்ட துணிபோல இருந்தது.

இருவரும் நுழையக்கூடிய அவசரப் பை ஒன்று என்னிடம் இருந்தது. அதற்குள் அவனை இழுத்துக்கொண்டு, ஈரத்தை எல்லாம் கழற்றி, என் பையிலிருந்த உலர்ந்த உள்ளாடையையும் என் பஞ்சு ஜாக்கெட்டையும் மாட்டிவிட்டேன். விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சர்க்கரை கரைத்த வெந்நீரை வாய் வாயாகக் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுபடி நடுங்கத் தொடங்கினான். நடுக்கம் நின்றுபோவதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி, திரும்பி வருவது நல்லது என்பதை அன்று நேரில் கண்டேன். உச்சிக்குப் போகவில்லை. அப்படியே இறங்கிவிட்டோம்.

அந்த ஜாக்கெட் கெட்ட ஜாக்கெட் இல்லை. அதன் சீட்டில் இருந்த 20,000 பொய்யும் இல்லை. அந்த எண் எதை அளக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. துணியின் மேல் ஒரு நீர்க்கம்பம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரம்வரை நீர் துணியைத் துளைக்காமல் நிற்கிறதோ, அதுதான் அந்த எண். 20,000 என்றால் 20 மீட்டர் உயர நீரின் அழுத்தம். மேலிருந்து விழும் எந்த மழைத்துளிக்கும் அவ்வளவு அழுத்தம் கிடையாது. கனத்த பையின் வார் தோளை அழுத்தும் இடம், ஈரத்தில் உட்காரும் இடம், முட்டி போடும் இடம் ஆகியவற்றில்தான் அழுத்தம் ஏறும். நாள்கணக்கில் மழையில் பெரும்பாரம் சுமந்து நடப்பவருக்கு உயர்ந்த எண் உதவும். இலேசான பாரத்தோடு முகடு ஏறுகிறவருக்கு 10,000 தாராளம் என்பது என் அனுபவம். மேலும் அந்த எண் புதுத் துணியில் எடுக்கப்பட்டது. மூன்று பருவம் உழைத்த துணி எவ்வளவு தாங்கும் என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை.

தம்பியின் சீட்டில் இன்னொரு 20,000மும் இருந்தது. ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் அத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது அதன் பொருள். வீட்டுக்கு வந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 800 கிராமுக்கு மேல் வருகிறது. அப்படியானால் அவன் வியர்வை ஒரு சொட்டுக்கூட உள்ளே தங்கியிருக்கக் கூடாது! தங்கியதற்குக் காரணம் உண்டு. சோதனைச்சாலையில் துணியின் ஒரு பக்கம் ஈரத்தையும் மறுபக்கம் வறட்சியையும் வேண்டுமென்றே உண்டாக்கி அளக்கிறார்கள். ஆவி தானாக ஓடுவதில்லை. உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குறைந்திருந்தால்தான் அந்த வேறுபாடு ஆவியைத் தள்ளும். மலையில் முதுகு முழுக்கப் பை அடைத்துக்கொண்டிருக்கிறது. துணி குளிர்ந்துபோனால் ஆவி, துணியோடு ஒட்டியிருக்கும் நீர்புகாத மெல்லிய சவ்வைக் கடப்பதற்குள்ளேயே நீராகிவிடுகிறது. மழைநாளில் வெளிக்காற்றிலும் ஈரம் நிறைந்து நிற்பதால் வேறுபாடு இன்னும் குறைவு. இது போதாதென்று, நிறுவனத்துக்கு நிறுவனம் சோதனை முறையும் வேறு. ஒரே துணி ஒரு முறையில் 10,000மும் இன்னொரு முறையில் அதைவிட மிக அதிகமும் காட்டும். இரண்டு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்ப்பதில் பயனில்லை. ஆவி வெளியேறத் துணி எவ்வளவு தடை செய்கிறது என்பதற்கு ஆர்இடி என்று ஓர் அளவும் போடுகிறார்கள். அதில் எண் குறையக் குறையத் துணி நன்றாக மூச்சுவிடும். பெரிய எண்தான் நல்லது என்று பழகியவர்கள் அதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

ஆகவே சவ்வை மட்டும் நம்பக் கூடாது. கையால் திறந்து மூடக்கூடிய வழி வேண்டும். அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட் அது இல்லாததைவிடச் சில பத்துக் கிராம் கூடும். எடையைக் குறைப்பதற்காக முதலில் தூக்கிவிடுவதும் அந்த ஜிப்பைத்தான். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இதைவிடச் சிறந்த வழி, ஏறும்போது ஜாக்கெட்டையே போடாமல் இருப்பது. இங்கேதான் கனமில்லாமை உதவிக்கு வருகிறது. கால் வலிக்காமல் இருக்க எடை குறைக்கிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள். 400 கிராம் குறைந்ததால் என் கால் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. சுருட்டினால் ஒரு மாம்பழ அளவுக்கு வரும் ஜாக்கெட்டை நின்ற இடத்தில் பத்து விநாடியில் எடுத்துப் போடலாம், கழற்றிச் செருகலாம். தலையணை அளவு ஜாக்கெட்டோ முழுநாளும் உடம்பிலேயே இருக்கும், இல்லையென்றால் பையின் அடியில் கிடக்கும். தம்பிக்கு அன்று அமைந்தது முதல் கதி.

மழையைவிட முன்னால் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது நான் வலியுறுத்த விரும்பும் இன்னொரு விஷயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்ச்சி கூடுகிறது. உயரத்தில் வானத்திலிருந்து விழுவது பெரும்பாலும் பனி. உலர்ந்த பனியைத் தட்டிவிடலாம், காற்றைத் தட்டிவிட முடியாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போன்றது. ஈர உடம்பென்றால் கேட்கவே வேண்டாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவர்கள் மேல் இருந்தது பருத்தியும் நைலானும் கலந்து நெய்த காற்றுத்தடுப்பு உடை. இன்று நாம் பேசும் நுண்துளைச் சவ்வுக்கு வழிவகுத்த டெஃப்ளான் என்ற பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டும் முறையை அமெரிக்கரான பாப் கோர் கண்டறிந்தது 1969இல். அது கோர்டெக்ஸ் துணியாகச் சந்தைக்கு வந்தது 1976இல். அதற்கு முன்னால் ஏறியவர்கள் நம்பியது காற்றை நிறுத்தும் நெருக்கமான நெசவை.

இப்போது நான் எடுத்துப்போவது இரண்டு உருப்படி. ஒன்று, சவ்வே இல்லாத மெல்லிய நைலான் சட்டை. விண்ட் ஷர்ட் என்பார்கள். என்னுடையது 110 கிராம். காற்றை நிறுத்தும், வியர்வையைப் போகவிடும், தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும். நாளில் பெரும்பகுதி என் உடம்பில் இருப்பது இதுதான். இரண்டாவது, வெளித்துணி, சவ்வு, உள்துணி என மூன்றடுக்கு ஷெல் ஜாக்கெட், 270 கிராம். இது பையின் மேல்மூடிக்குள் இருக்கும். மழையோ ஈரப்பனியோ வந்தால், அல்லது நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்தால் எடுப்பேன். இரண்டும் சேர்ந்து 380 கிராம். தம்பியின் ஒற்றை ஜாக்கெட் 680 என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

எடை குறைவு என்றதும் இருப்பதிலேயே குறைந்ததைத் தேடி ஓடவும் கூடாது. நானும் ஓடியிருக்கிறேன். இரண்டரை அடுக்கு, 160 கிராம், வெளித்துணி 10 டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 10 டெனியர் துணியைக் கையில் வைத்தால் கைரேகை தெரியும். ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் முதுகையும் முழங்கையையும் ஊன்றி ஏறியபோது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்து தொங்கியது. வாங்கி இரண்டாவது பயணம். இரண்டரை அடுக்கில் உள்சவ்வைக் காக்கத் தனித் துணி கிடையாது, மெல்லிய பூச்சு மட்டும்தான். வெறுங்கையில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். வியர்க்காவிட்டாலும் வியர்த்ததுபோல இருக்கும். நடைபாதையில் போகிறவருக்கு, அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறவருக்கு அது சரி. பாறையைத் தொட்டு ஏறுகிறவர் 20 முதல் 40 டெனியருக்குள் மூன்றடுக்காக எடுப்பது நல்லது. எடை 250க்கும் 350க்கும் இடையில் வரும். பனிக்கட்டிச் சுவரில் கோடாரியும் காலணியில் மாட்டும் இரும்பு முள்ளுமாக ஏறுகிறவருக்கு இதைவிடத் தடித்த துணி வேண்டியிருக்கும்.

எண்களைவிட முக்கியமானது ஜாக்கெட் உடம்பில் எப்படி உட்காருகிறது என்பது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கப் போகும்போது ஹெல்மெட், இடுப்பில் கட்டிக் கயிற்றோடு இணைக்கும் ஹார்னஸ், கையுறை, உள்ளே போடும் ஃபிளீஸ் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். கடையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை, அத்தனையையும் மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு மேல் தலைமூடியை இழுத்து, ஜிப்பை மோவாய்வரை ஏற்றிவிட்டு, இடமும் வலமும் திரும்புங்கள். தலையோடு மூடியும் திரும்ப வேண்டும். தலை திரும்பி மூடி நின்றுவிட்டால், அடுத்த கால் வைக்கும் இடத்தை மறைப்பது அந்தத் துணிதான். அண்ணாந்து பாருங்கள், ஜிப் கழுத்தை அறுக்கக் கூடாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் முழுக்க நீட்டுங்கள். இடுப்பு விளிம்பு ஹார்னஸுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். ஒவ்வொரு எட்டுக்கும் அது மேலேறி, இடுப்பில் குளிர்காற்றும் பனியும் புகும். பாக்கெட்டுகள் ஹார்னஸ் பட்டைக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்ட பாக்கெட் இருந்தும் இல்லாததே. கையுறை போட்ட கையால் ஜிப்பையும் தலைமூடியின் இழுகயிற்றையும் இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் ஜிப்புக்கு ஒரு சிறு கயிற்றுத் துண்டு கட்டிக்கொள்ளலாம். ஆனால் தலைமூடியின் பிடிப்பான் துணிக்குள் புதைந்திருந்தால் அதற்கு மாற்று இல்லை. கை முனையை வெல்க்ரோவால் இறுக்க முடிய வேண்டும். கையைத் தூக்கி ஏறும்போது உருகும் பனிநீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்குத்தான் ஓடிவரும்.

நிறம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சிவப்போ ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள். தேடி வருகிறவர்களுக்குப் பாறைச்சாம்பலில் சாம்பல் ஜாக்கெட் தெரியாது.

கட்டுரையில் இன்னொரு குறை, வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டது. வெளித்துணியில் நீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கும். புதிதில் மழைத்துளி தாமரை இலையில் உருள்வதுபோல உருளும். அழுக்கும் வியர்வையும் முகத்தில் பூசும் வெயில் களிம்பும் சேரச் சேர, பூச்சு செத்துப்போகும். அப்போது துணி நீரைக் குடித்துக் கருத்துவிடும். சவ்வு இன்னும் நீரை உள்ளே விடுவதில்லை. ஆனால் வெளியே ஒரு நீர்ப்படலம் மூடிக்கொள்வதால் ஆவி போக வழியில்லை. உள்ளே வியர்வை தேங்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இத்தகைய துணிக்கென்று உள்ள திரவ சோப்பால் அலசி, துணி மென்மையாக்கும் திரவத்தைக் கிட்டவே விடாமல், உள்சீட்டில் அனுமதித்திருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்தினால் போதும். பல நேரங்களில் பூச்சு உயிர்பெறும். உயிர்பெறாவிட்டால் மேலே தெளிக்கும் பூச்சு கிடைக்கிறது. துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து ஐந்து ஆண்டு துவைக்காமல் வைத்திருந்த ஒரு தோழியின் ஜாக்கெட்டில் தையல் வழியே நீர் புகாமல் ஒட்டிய டேப்கள் கழுத்தோரம் உரிந்து வந்ததைப் பார்த்தேன். உடம்பெண்ணெய் செய்த வேலை.

இதில் ஒரு புதிய மாற்றமும் உண்டு. பழைய பூச்சுகளில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்பதால் அவற்றைக் கைவிட்டு வருகிறார்கள். பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல், சில பாதுகாப்பு உடைகள் நீங்கலாக, அவை கலந்த ஆடைகளை விற்கத் தடை. இந்த மாற்றத்தை முழு மனத்தோடு வரவேற்கிறேன். பனியாறுகளிலிருந்து வரும் நீரைக் குடித்துத்தானே மலையேறுகிறோம். ஆனால் புதிய பூச்சுகள் தண்ணீரை விரட்டும் அளவுக்கு எண்ணெயை விரட்டுவதில்லை. ஆகையால் முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டும் என்பதை வாங்குகிறவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, மலையேறிகள் மட்டுமின்றி மலையில் ஓடுகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டிய ஒரு நாள் 2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டப் போட்டி. 172 பேர் ஓடினார்கள். உயரமான பகுதியில் இருந்தபோது திடீரென்று ஆலங்கட்டியும் உறைமழையும் பெருங்காற்றும் அடித்தன. பெரும்பாலோர் அரைக்கால் சட்டையிலும் மெல்லிய மேல்சட்டையிலும் இருந்தார்கள். 21 பேர் இறந்துபோனார்கள். காற்றுத்தடுப்பு ஜாக்கெட் அந்தப் போட்டியின் கட்டாயப் பட்டியலில் இல்லை. எல்லாரையும் அது காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் நூறு கிராம் நைலான் அந்தக் காற்றில் எத்தனை பேருக்கு இறங்கி வர நேரம் வாங்கித் தந்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஏறும் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. தங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அந்த 20,000 வரிக்கு ஒரு திருத்தத்தை அதற்குள் வெளியிட வேண்டுகிறேன். இடம் குறைவென்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, ஹெல்மெட்டும் ஹார்னஸும் மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லும் பகுதியையும், ஏறும்போது கழற்றி நிற்கும்போது போடுங்கள் என்பதையும் மட்டுமாவது போடுங்கள்.

தம்பி அந்த 680 கிராம் ஜாக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறான். கூடாரத்தருகே நின்று சமைக்கும்போது அதைவிட நல்லது இல்லை. மலைக்கு எடுத்துப்போவது 300 கிராமில் ஆரஞ்சு நிற ஜாக்கெட். போன முறை அதே முகட்டில், அதே திட்டுக்கு வந்து நின்றதும், நான் வாய் திறப்பதற்கு முன்பே அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நீயும் போட்டுக்கக்கா" என்றான்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாக மலையேறிவரும் தங்கள் வாசகி